புது நாய்க்குட்டியை வீட்டில் பழக்குவது எப்படி: எதற்கு முன் எது

புதிதாக நாய்க்குட்டி கொண்டுவந்தவர்கள் முதல் வாரமே கேட்பது, "கை கொடுக்க எப்படிச் சொல்லித்தருவது?" அந்தச் சமயத்தில் குட்டி கூடத்தில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும், இரவெல்லாம் ஊளையிடும், எதிர்ப்படும் விரலையெல்லாம் கடிக்கும். கை கொடுப்பதற்கு அவசரமே இல்லை. முதலில் வீடு, அடுத்து வீட்டு மனிதர்கள், பிறகு கழிப்பிடம், தூக்கம், தனியாக இருக்கும் பழக்கம், கடி. "உட்கார்", "படு" எல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறினால் ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று மாதம் இழுக்கும்.

1. எந்த வயதில், எந்த நாளில்

எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரளும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பது குட்டிக்குத் தெரியவரும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப்போகும், ஆட்டம் நின்றுவிடும். ஐந்தாறு வாரத்தில் பிரித்த குட்டிக்கு இதை முழுக்க நாம்தான் கற்றுத்தர வேண்டியிருக்கும்.

தருபவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன உணவு எத்தனை வேளை, குடற்புழு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தடுப்பூசி போட்டது. தாய் படுத்த துணி ஒரு துண்டு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவில் அந்த வாசனை உதவும்.

வீட்டில் ஒருவராவது தொடர்ந்து சில நாள் இருக்கக்கூடிய சமயமாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். விருந்து, விசேஷம், வெளியூர்ப் பயணம் இருக்கிற வாரம் வேண்டாம்.

2. குட்டி வருமுன் வீடு

தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் உயரத்திலிருந்து ஒவ்வோர் அறையையும் பாருங்கள். நின்று பார்க்கையில் தெரியாத மின்கம்பி, சார்ஜர் வயர், கட்டிலுக்கடியில் உருண்டுபோன மாத்திரை, நூல் கோத்த ஊசி எல்லாம் அப்போது தெரியும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமா என்று பாருங்கள். நுழைந்தால் வலை கட்டுங்கள். அரளி, பனை போலிருக்கும் அலங்காரச் செடியான சைகஸ் போன்றவை நாய்க்கு நஞ்சு. அவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

உணவில் விலக்க வேண்டியவற்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவை கூடாது. சர்க்கரையில்லா சூயிங்கம்மில் இருக்கும் சைலிடால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளான பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே ஆபத்து. "பாவம், காய்ச்சல்" என்று அரை மாத்திரை கொடுத்துவிடும் நல்ல மனதுக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: கூண்டு, ஒரு மூலையை அடைக்கத் தடுப்பு வேலி, கனமான இரண்டு கிண்ணங்கள், மென்மையான கழுத்துப்பட்டை, மார்போடு அணியும் ஹார்னஸ், லேசான கயிறு, மெல்லுவதற்கு மூன்று நான்கு பொம்மைகள், நொதி கலந்த சுத்தம் செய்யும் திரவம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் தேவை என்பது ஆறாம் படியில் வருகிறது.

கூண்டு, குட்டி எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்கப் போதுமான அளவில் இருக்கட்டும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறுமூலையில் அசுத்தம் செய்யும். வளரும் நாய் என்று பெரியதாக வாங்கினால் நடுவில் தடுப்பு வைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

3. வீட்டு மனிதர்கள் ஒரே பேச்சில் நிற்பது

அப்பா "சிட்" என்கிறார், அம்மா "உட்காரு" என்கிறார், பிள்ளை "ஏய், கீழ" என்கிறது. குட்டிக்கு இவை மூன்றும் தொடர்பில்லாத மூன்று சத்தங்கள். எந்த மொழியானாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரு சொல் என்று முடிவுசெய்து, தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

சோபாவில் ஏறலாமா, படுக்கையில் தூங்கலாமா, நாம் சாப்பிடும்போது தட்டிலிருந்து கொடுப்பதா என்பதையும் குட்டி வருமுன்னே பேசி முடியுங்கள். குட்டியாக இருக்கையில் மடியில் ஏற்றிக் கொஞ்சிவிட்டு, முப்பது கிலோ ஆனபின் அதே செயலுக்குத் திட்டுவது நியாயமில்லை. ஒருவர் மட்டும் ரகசியமாகத் தட்டிலிருந்து கொடுத்தாலும் போதும், குட்டி எல்லோரிடமும் கெஞ்சி நிற்கும். எப்போதாவது கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றுகிறது.

4. கால்நடை மருத்துவர்

வந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் எதிரான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை போடுவது வழக்கம். ஒரே ஊசியோடு நிறுத்தக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்கள் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அவை எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி தனி. அதன் தேதியை மருத்துவர் சொல்வார்.

குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். பெரிய நாய்க்கு வாங்கியதில் பாதி என்று கணக்குப் போடாதீர்கள்.

வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடப்பது இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். அது பார்வோவாக இருக்கலாம். குட்டியின் உடலில் நீர் வற்றுவது மணிக்கணக்கில் நடந்துவிடும்.

5. முதல் நாளும் முதல் இரவும்

வண்டியிலிருந்து இறக்கியதும் நேராகக் கழிப்பிடத்துக்கு. அங்கே அது போன பிறகுதான் வீட்டுக்குள். முதல் நாள் ஒரு அறையை மட்டும் காட்டுங்கள். அக்கம்பக்கத்தார், உறவினர் எல்லோரும் பார்க்க வருவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் அன்றுதான் விட்டு வந்திருக்கிறது. கை மாறி மாறித் தூக்குவது அதற்குப் பயத்தைத்தான் தரும்.

ஏற்கெனவே சாப்பிட்டு வந்த உணவையே சில நாள் தொடருங்கள். மாற்ற விரும்பினால் ஏழு முதல் பத்து நாளில், புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். வயிறு கெட்ட குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம் வராது. மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு. பால் நிறையக் கொடுக்க வேண்டாம், பல குட்டிகளுக்குப் பேதியாகும்.

இரவில் கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தனி அறையில் விட்டு, "அழுது அழுது பழகிவிடும்" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அழுது ஓய்ந்த குட்டி பழகிவிட்டதாகப் பொருளில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான். பக்கத்தில் இருந்தால் கையை நீட்டித் தொடலாம். அசைந்து எழும் சத்தத்தை வைத்து வெளியே கூட்டிப்போகவும் முடியும். அப்படிப் போகும்போது விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், பேசாமல், விளையாடாமல் போய்வாருங்கள். சில வாரத்தில் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

6. கழிப்பிடப் பழக்கம்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். குட்டிக்குக் "கூடாது" என்பதைக் கற்றுத்தர முயல்கிறார்கள். சரியான இடத்தில் போக வாய்ப்பைப் பெருக்கி, தவறான இடத்தில் போகும் வாய்ப்பை அடைப்பதுதான் முழு வேலையும்.

அழைத்துப்போகும் வேளைகள்: தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவிலும் முடிவிலும், படுக்கப் போகும் முன். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும்போது இவை தவிர மணிக்கொருமுறையும் அழைத்துப்போங்கள். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணிக்கைதான் அது அடக்கக்கூடிய மணி நேரத்தின் உச்சவரம்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று மணி நேரம். அதுவும் படுத்திருக்கும்போதுதான். ஓடி விளையாடும் குட்டிக்கு அரை மணி நேரமே அதிகம்.

கயிற்றோடு, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு அழைத்துப்போங்கள். பழைய வாசனையே நினைவூட்டும். அங்கே போய் மரம் போல அசையாமல் நில்லுங்கள். போகத் தொடங்கும்போது நீங்கள் தேர்ந்த சொல்லை மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள். முடித்த அடுத்த நொடியே அதே இடத்தில் ஒரு துண்டுத் தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது புரிந்துகொள்ளும்.

கொடுத்த கையோடு உள்ளே இழுத்து வந்துவிடாதீர்கள். சில நிமிடம் வெளியே விளையாட விடுங்கள். முடித்ததும் வெளிவாசம் முடிந்துவிடுகிறது என்று தெரிந்த குட்டி, வேண்டுமென்றே தள்ளிப்போடும். "அரை மணி நேரம் வெளியே நின்றேன், போகவில்லை, உள்ளே வந்ததும் மெத்தையில் போய்விட்டது" என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஐந்து நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே கொண்டுவாருங்கள், ஆனால் அவிழ்த்து விடாதீர்கள். கூண்டிலோ மடியிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி அழைத்துப்போங்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி விபத்து குறையும்.

கண்முன்னே தவறான இடத்தில் உட்கார்ந்தால், கையைத் தட்டிக் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். அங்கே மீதியை முடித்தால் பரிசு உண்டு. பிறகுதான் பார்த்தீர்கள் என்றால் துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது, இழுத்துவந்து காட்டித் திட்டுவது மூன்றும், உங்கள் முன்னால் போவது ஆபத்து என்பதை மட்டுமே கற்றுத்தரும். அப்புறம் அது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், வெளியே நீங்கள் பக்கத்தில் நின்றால் போக மறுக்கும். காதை மடக்கித் தலையைக் குனிவது செய்த தப்பை உணர்ந்ததால் இல்லை. உங்கள் குரலுக்குப் பயந்ததன் அடையாளம் அது.

துடைப்பதற்கு நொதி கலந்த திரவம். சாதாரண சோப்பு நமக்கு நாற்றம் தெரியாமல் செய்யும். நாயின் மூக்கை அது ஏமாற்றாது. அம்மோனியா கலந்த திரவம் கூடாது. அந்த நெடி சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும்.

மாடி வீடாக இருந்து, கீழே கொண்டுபோக நேரமாகும் என்றால் செய்தித்தாளோ உறிஞ்சும் விரிப்போ பயன்படுத்தலாம். தினம் சிறிது வாசலை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்து, ஒருநாள் அதை வெளியே வைத்துவிடுங்கள். குட்டிகள் காலுக்கடியில் என்ன தட்டுப்படுகிறது என்பதை வைத்துத்தான் பழகுகின்றன. மாதக்கணக்கில் துணி போன்ற விரிப்பிலேயே போன குட்டி, மிதியடியையும் அதே இனமாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வாரம் விபத்தில்லாமல் போனால் இன்னோர் அறையைத் திறந்து விடுங்கள். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகளை நம்பலாம், சிறு இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி, சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. கூண்டு, தூக்கம், தனியாக இருப்பது

முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே தின்பண்டம் போடுங்கள். பிறகு சாப்பாட்டுக் கிண்ணத்தை உள்ளே வையுங்கள். அது சாப்பிடும்போது கதவைச் சாத்தி, முடிக்குமுன் திறந்துவிடுங்கள். அடுத்து ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக் கழுத்து இறுகலாம். தண்டனையாக ஒருபோதும் அடைக்காதீர்கள். தண்டனை இடத்தில் யாருக்கும் தூக்கம் வராது.

குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். சுமார் ஒரு மணி நேரம் விழித்திருந்ததும் தூங்க வையுங்கள். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடி, காலைக் கவ்வும் குட்டிக்கு இன்னும் விளையாட்டு வேண்டும் என்று நினைத்து மேலும் ஆட்டம் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு வேண்டியது தூக்கம்.

விடுமுறை எடுத்து இரண்டு வாரம் நிழல்போல் கூடவே இருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் எட்டு மணி நேரம் விட்டுப்போவது மிகக் கொடுமை. முதல் வாரத்திலேயே பக்கத்து அறைக்கு ஒரு நிமிடம் போய்வாருங்கள். பிறகு வாசலுக்கு வெளியே. அது பதறத் தொடங்கும் முன் திரும்பிவிடுவதுதான் முக்கியம். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக் கலங்க வேண்டாம்.

8. கடி

மூன்றரை மாத வாக்கில் 28 பால்பற்கள் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்தக் காலம் முழுவதும் ஈறு உறுத்தும், எதையாவது மெல்லத்தான் வேண்டும். நனைத்து முறுக்கிக் குளிர்வித்த துணி இதம் தரும்.

கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். கடித்தால் பொம்மையை வாயருகே கொண்டுபோங்கள். மறுபடியும் கையைக் கடித்தால் எழுந்து, பேசாமல், பத்திருபது நொடி தடுப்பு வேலிக்கு வெளியே போய் நில்லுங்கள். கடித்தால் ஆட்டம் நிற்கும் என்பதுதான் பாடம். வாயை இறுக்கிப் பிடிப்பதும் மூக்கில் தட்டுவதும் கையைக் கண்டால் பயப்பட வைக்கும். பயந்த குட்டி இன்னும் அழுத்திக் கடிக்கும்.

அது சாப்பிடும்போது "பழக்குகிறேன்" என்று கிண்ணத்தில் கைவிட்டு எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், பக்கத்தில் போகும்போது கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள். மனிதர் வந்தால் நல்லது நடக்கும் என்று தெரிந்த நாய் உறுமாது.

9. வெளியுலகம்

பிறந்த மூன்றாம் வாரம் முதல் சுமார் 14ஆம் வாரம் வரை பார்த்துக் கேட்டுப் பழகியவற்றை நாய் வாழ்நாள் முழுக்க இயல்பாக எடுத்துக்கொள்கிறது. இங்கேதான் ஒரு முரண்: தடுப்பூசி முடிவதற்குள் இந்தக் காலம் போய்விடும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், பல நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் விடக் கூடாது. தூக்கிக்கொண்டு போங்கள், வண்டியில் உட்காரவைத்து வேடிக்கை காட்டுங்கள், தடுப்பூசி முடிந்த ஆரோக்கியமான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

ஹெல்மெட் போட்டவர், குடை, தாடி, சக்கர நாற்காலி, ஓடும் குழந்தை, மிக்சி, வழுக்கும் தரை, படிக்கட்டு, வெடிச் சத்தத்தின் பதிவு மிகத் தணிந்த ஒலியில். ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து, தின்பண்டத்தோடு. தின்பண்டத்தை வாங்க மறுத்தால் பயந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் தள்ளி நில்லுங்கள். பயத்தைப் போக்குகிறேன் என்று பக்கத்தில் இழுத்துப்போனால் பயம் நிலைத்துவிடும்.

தினமும் பாதம், காது, வாய், வால் ஆகியவற்றைத் தொட்டு ஒரு துண்டு கொடுங்கள். பிறகு நகம் வெட்டும் நாளில் நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்காது.

10. சொற்கள்

இப்போதுதான் பாடம். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளில் மூன்று நான்கு தடவை, சாப்பாட்டுக்கு முன். தின்பண்டம் பட்டாணி அளவு இருந்தால் போதும். நாள் முழுக்கக் கொடுப்பது மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

முதலில் "குட்" அல்லது "சபாஷ்" என்று ஒரு சொல்லைச் சொல்லி உடனே தின்பண்டம் கொடுங்கள், பலமுறை. அந்தச் சொல் கேட்டால் பரிசு வரும் என்று தெரிந்துவிட்டால், எந்த நொடியில் செய்தது சரி என்று அதற்குச் சுட்டிக்காட்ட முடியும்.

அடுத்து பெயர். ஒருமுறை கூப்பிடுங்கள், திரும்பிப் பார்த்தால் பரிசு. பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள்.

"வா" எல்லாவற்றிலும் மதிப்பானது, உயிரைக் காப்பாற்றுவதும் அதுதான். இரண்டடி தூரத்திலிருந்து தொடங்கி, வந்தால் தாராளமாகக் கொடுங்கள். குளிப்பாட்டவோ திட்டவோ விளையாட்டை முடிக்கவோ அந்தச் சொல்லால் கூப்பிடக் கூடாது, நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். வெளியே பழக்கும்போது ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னஸில் கட்டுங்கள். வராமல் ஓடும் வாய்ப்பே கிடைக்கக் கூடாது.

"உட்கார்": தின்பண்டத்தை மூக்கருகே வைத்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். தலை நிமிர, பின்பகுதி தானே இறங்கும். இடுப்பை அழுத்த வேண்டாம், மூட்டுகள் வளர்ந்துகொண்டிருக்கும் வயது.

"விடு" என்றால் பிடுங்குவது கிடையாது, பண்டமாற்று. வாயில் இருப்பதைவிட நல்லதைக் காட்டுங்கள். விட்டதும் கொடுங்கள், முடிந்தால் பழையதையும் திருப்பிக் கொடுங்கள். பிடுங்கிப் பழக்கினால் அடுத்தமுறை அவசரமாக விழுங்கிவிடும்.

கயிற்றில் நடக்கையில் கயிறு விறைத்தால் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் சில நாள் வாசலைத் தாண்ட முடியாது, பரவாயில்லை.

நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டாதீர்கள். கூடத்தில் உட்காரத் தெரிந்த குட்டி தெருவில் உட்காராதது பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். தெருவில் அது புதுப்பாடம்.

11. ஆறு மாதத்துக்குப் பின்

ஆறாம் மாதத்திலிருந்து, பெரிய இனங்களில் ஒன்றரை, இரண்டு வயது வரைகூட, கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். கூப்பிட்டால் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் ஓடும். நீளக் கயிற்றை மறுபடி எடுங்கள், பரிசைக் கூட்டுங்கள், பழைய எளிய பாடங்களுக்குத் திரும்புங்கள். பலரும் நாயைக் கைவிட நினைப்பது இந்த வயதில்தான். பொறுத்திருந்தால் இது கடந்துபோகும்.

குழந்தையைக் கண்டு உறுமுவது, உணவைக் காத்துக் கடிக்க வருவது, தனியே விட்டால் கதவைப் பிராண்டிக் காலைப் புண்ணாக்கிக்கொள்வது ஆகியவற்றை வளர வளரச் சரியாகும் என்று விடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி வலியோ நோயோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன்பின் பரிசு கொடுத்துப் பழக்கும் பயிற்றுநரைத் தேடுங்கள். மின் அதிர்ச்சிப் பட்டையையோ முள் பட்டையையோ கையில் எடுப்பவர் என்றால் வேறொருவரைப் பாருங்கள். அந்தப் பட்டைகள் உறுமலை அடக்கும், பயம் அப்படியே இருக்கும். அப்புறம் அந்த நாய் உறுமி எச்சரிக்காமலே கடிக்கும்.